பிறர் பாவம் கேட்டுத் தன் ஆன்மாவைக் காத்தவர்
ஆர்ஸ் கிராமத்துப் பங்குக்குரு புனித ஜோன் மரிய வியான்னி

சேற்றில் விழுந்தவனைத் தூக்கிவிட இறங்குபவனின் காலிலும் சேறு படுகின்றது. பிறரைப் பாவத்தினின்றும் மீட்க முனையும் எவருக்கும் இவ்வாபத்து உண்டு. பிறருடைய குற்றங்களைக் கேட்டுக் கேட்டுத் தமது விசுவாசம் தளர்ந்துபோகலாம். அல்லது, அவர்களைவிடத் தாம் மேலானவர் என்னும் இறுமாப்பு உள்ளத்தில் முளைவிடலாம். தவறியவனைத் திருத்துபவன் தன்னையும் கவனித்துக்கொள்ள வேண்டுமெனக் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் பவுலடியார் எச்சரித்ததும் இதனாலேயே. இவ்விரு ஆபத்துக்களுக்கும் நடுவே நாற்பத்தொரு ஆண்டுகள் நடந்து சென்ற ஒரு கிராமத்துக் குருவானவரின் வாழ்வை இங்கு நாம் நோக்குவோம்.

பிரான்சு தேசத்தின் லியோன் நகருக்கு அண்மையிலுள்ள டார்டிலி என்னும் ஊரில், 1786ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் திகதி, ஓர் உழவர் குடும்பத்தில் ஜோன் மரிய வியான்னி பிறந்தார். அவர் சிறுவனாக இருந்தபோது பிரெஞ்சுப் புரட்சி மூண்டது. அரசுக்குச் சத்தியப்பிரமாணம் செய்ய மறுத்த குருமார் தலைமறைவாயினர். இரவு வேளைகளில் பண்ணை வீடுகளில் இரகசியமாகத் திருப்பலி நிகழ்ந்தது. 1799இல் எக்குலி என்னும் ஊரில் ஒரு வீட்டினுள்ளே அவர் முதல் நற்கருணை பெற்றார். மெழுகுதிரி வெளிச்சம் வெளியே தெரியாதிருக்கும் பொருட்டு வைக்கோல் வண்டிகளைச் சாளரங்களுக்கு முன்னே நிறுத்தி வைத்திருந்தனர். உயிரச்சத்தின் நடுவே பெற்ற விசுவாசம் எளிதிற் கைவிடத்தக்கதன்று என்பதை அவர் அன்றே உணர்ந்திருத்தல் வேண்டும்.

குருவாக விரும்பிய அவருக்கு எக்குலிப் பங்குக்குருவான பாலே அடிகளார் இலத்தீன் கற்பித்தார். கல்வியோ அவருக்கு எளிதில் வசப்படவில்லை. 1809இல் நெப்போலியனின் படையிற் சேருமாறு கட்டளை வந்தது. நோயுற்று மருத்துவமனையிற் கிடந்தமையால் தம் அணியினின்றும் பின்தங்கிய அவர், லே நோ என்னும் மலைக்கிராமத்தில் ஒளிந்து வாழ நேர்ந்தது. ஜெரோம் வின்சென்ட் என்னும் புனைபெயரோடு, ஒரு விதவையின் வீட்டில் தங்கிப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். காவற்படையினர் தேடி வந்தபோது வைக்கோலுக்குள் மறைந்து மூச்சடக்கிக் கிடந்தார். 1810இல் பொதுமன்னிப்பு அறிவிக்கப்பட்டது. அவருக்குப் பதிலாக இளைய சகோதரர் படைக்குச் சென்றார். சொந்தப் பெயரை மறைத்து, அடுத்தவரின் இரக்கத்தில் வாழ்வதன் வேதனையை நம்மிற் பலர் அறிவர். வியான்னியும் அதனை அறிந்தவரே.

குருமடத்தில் இலத்தீன் மொழியில் நடைபெற்ற தேர்வில் அவர் தோல்வியுற்றார். பாலே அடிகளார் அவருக்காக மன்றாடினார். இறுதியில், 1815 ஆகஸ்ட் 13ஆம் திகதி கிறனோபிள் நகரில், தமது இருபத்தொன்பதாவது வயதில், அவர் குருப்பட்டம் பெற்றார். ஆயினும் பாவசங்கீர்த்தனம் கேட்கும் அதிகாரம் உடனடியாக வழங்கப்படவில்லை. பிற்காலத்தில் பிரான்சு முழுவதும் எவரைத் தேடி ஓடியதோ, அவரையே அதற்குத் தகுதியற்றவரென மேலோர் ஐயுற்றனர்!

1818ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அவர் ஆர்ஸ் கிராமத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்தோர் ஏறத்தாழ 230 பேர். மதுச்சாலைகளும் நடனக் களியாட்டங்களும் மலிந்திருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் மக்கள் வயலுக்குச் சென்றனர், ஆலயம் வெறுமையாயிருந்தது. புதிய குருவானவர் மக்களைக் கண்டிக்குமுன் தம்மையே ஒறுத்தார். விடியுமுன் எழுந்து நற்கருணைப் பேழையின் முன்னே முழந்தாளிட்டார். ஒருமுறை அவித்து வைத்த உருளைக்கிழங்கைப் பல நாட்கள் உண்டார். 1824இல் ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கென ஓர் இல்லமும் பாடசாலையும் அமைத்தார். ஆண்டுகள் செல்லச் செல்ல மதுச்சாலைகள் மூடப்பட்டன; ஆலயம் நிறைந்தது.

தொடக்கத்தில் அவர் கடுமையானவராகவே இருந்தார். நடனத்தை விடாதவர்களுக்குப் பாவமன்னிப்பை நெடுங்காலம் தாமதித்தார். ஆயின் மனிதரின் துயரங்களைக் கேட்கக் கேட்க அவரது உள்ளம் இளகியது. புனித அல்போன்ஸ் லிகோரியின் அறநெறிப் போதனைகளும் அவரை மாற்றின. பின்னாளில் பாவிகளுக்குச் சிறிய பரிகாரத்தையே விதித்து, எஞ்சியதைத் தாமே உபவாசத்தாலும் செபத்தாலும் நிறைவேற்றினார். பிறரிடம் கடுமையும் தம்மிடம் சலுகையும் காட்டுதல் உலக இயல்பு. இவர் அதனைத் தலைகீழாக்கினார்.

அவதூறுகளும் அவரை விட்டுவைக்கவில்லை. அவரது ஒழுக்கத்தைப் பழித்து மொட்டைக் கடிதங்கள் வந்தன. கல்வியறிவற்றவர் என்று சக குருமார் ஆயருக்கு ஒரு முறைப்பாடு எழுதினர். அது தம் கைக்கு வந்தபோது, வியான்னி அதன் கீழே தாமும் கையொப்பமிட்டு அனுப்பி வைத்தார். புகழையும் அவர் இவ்வாறே எதிர்கொண்டார். 1852இல் ஆயர் அணிவித்த சிறப்பு மேலாடையை ஐம்பது பிராங்குகளுக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்தார்.

இதற்கிடையே ஆர்ஸ் ஒரு யாத்திரைத் தலமாகிவிட்டது. இறுதி ஆண்டில் மட்டும் எண்பதினாயிரம் முதல் ஓர் இலட்சம் பேர் வரை வந்தனரெனக் கணிப்பர். நாளொன்றுக்குப் பதினொரு மணி நேரம், கோடையில் பதினாறு மணி நேரம் என அவர் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்திருந்தார்.

இத்தனை ஆயிரம் பேருக்கு ஆறுதல் அளித்தவரின் உள்ளத்திலோ ஆறுதல் இருக்கவில்லை என்பதே நாம் சிந்திக்க வேண்டிய செய்தி. தம் ஆன்மா இழக்கப்பட்டுவிடுமோ என்ற அச்சம் அவரை வாட்டியது. ஏதேனும் ஒரு மடத்துக்குச் சென்று தம் பாவங்களுக்காக அழுதுகொண்டிருக்க விரும்பி, ஊரைவிட்டு வெளியேற அவர் ஒன்றுக்கு மேற்பட்ட தடவைகள் முயன்றார். 1843இல், கடும் நோயினின்றும் மீண்ட பின்னர், பிறந்த ஊருக்கே போய்விட்டார். யாத்திரிகர்கள் அங்கும் தேடிச் சென்றனர். சில நாட்களில் அவர் திரும்பினார். 1853 செப்டெம்பரில் நள்ளிரவில் புறப்பட்டபோது ஆலய மணி ஒலித்தது. மக்கள் திரண்டு வழிமறித்தனர். அவர் மீண்டும் அந்தத் தொட்டியினுள்ளேயே சென்று அமர்ந்தார்.

அவர் தம்மைக் காத்த வழி யாது? அவர் தம்மைப் பலமுடையவரென ஒருபோதும் எண்ணவில்லை. பிறர் பாவத்தைக் கேட்டவர் தம் பாவத்தையும் மற்றொரு குருவானவரிடம் அறிக்கையிட்டார். எத்துணை கூட்டம் காத்திருந்தபோதும் விடிகாலைச் செபத்தைக் கைவிடவில்லை. ஓடிவிட விரும்பியபோதும் ஆயரின் சொல்லுக்குக் கீழ்ப்படிந்தார். தம் அச்சத்தை மக்கள்மேற் சுமத்தவுமில்லை. அதனைக் காரணங்காட்டி அவர்களைக் கைவிடவுமில்லை.

1859 ஆகஸ்ட் 4ஆம் திகதி, எழுபத்து மூன்றாவது வயதில், அவர் ஆர்ஸில் அமைதியாகக் கண்மூடினார். இறுதி நாட்கள் வரையும் பாவிகளுக்குச் செவிசாய்த்தார். 1925இல் பதினோராம் பத்திநாதர் அவரைப் புனிதராக உயர்த்தினார். 1929இல் பங்குக்குருமாரின் பாதுகாவலராகவும் அவர் அறிவிக்கப்பட்டார்.

குடியிலும் சூதிலும் வீழ்ந்த ஓர் உறவினரை, வழிதவறிய ஒரு பிள்ளையை மீட்டெடுக்க நாமும் சில வேளைகளில் இறங்க நேர்கின்றது. அப்போது நமது பலவீனத்தை மறவாமலும், நம்மைத் தாங்கும் செபத்தை விடாமலும் இருப்போமாயின், விழுந்தவரோடு நாமும் எழுந்து நிற்கலாம். ஆர்ஸ் குருவானவர் வாழ்ந்து காட்டிய பாடம் இதுவே.