பென்ஷன் வாங்கிய அகராதிக்காரர்

போன செமஸ்டர் லீவில் எங்க ஊரைப் பத்தி தமிழ் விக்கிப்பீடியாவில் கொஞ்சம் எழுதினேன். புகழ்பெற்ற, அழகு கொஞ்சும் என்றெல்லாம் ஆசையாய்ப் போட்டிருந்தேன். ரெண்டே நாளில் யாரோ அத்தனையும் நீக்கிட்டாங்க. செம கடுப்பு. அந்தக் கடுப்பில் இருந்தப்போ படித்ததுதான் சாமுவேல் ஜான்சனின் வாழ்க்கை.

1709-ல் இங்கிலாந்தின் லிச்ஃபீல்டில் ஒரு புத்தகக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தார். சின்ன வயதிலேயே நோய் வந்து பார்வை பாதிக்கப்பட்டது. ஆக்ஸ்ஃபோர்டில் சேர்ந்தார், ஒரு வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கப் பணம் இல்லை, டிகிரி வாங்காமலே ஊர் திரும்பினார். சொந்தமாகப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார், அதுவும் ஓடலை. 1737-ல் பிழைப்பு தேடி லண்டன் போனார்.

அங்கே ஒரு மாத இதழில் எழுத்து வேலை. நாடாளுமன்றப் பேச்சுகளை வெளியிட அப்போ தடை இருந்ததால், லில்லிபுட் என்ற கற்பனை நாட்டில் நடந்த விவாதம் மாதிரி அந்த இதழ் வெளியிட்டது. 1741 முதல் 1744 வரை எழுதியவர் ஜான்சன். சபைக்கு நேரில் போனதே அபூர்வம். கிடைத்த குறிப்புகளை வைத்துப் பேச்சுகளை இவரே உருவாக்கினார். இவர் டோரி பக்கம். அதனால் விக் கட்சிக்காரங்க கை ஓங்கிடாமல் பார்த்துக்கிட்டதாகப் பின்னாளில் அவரே நண்பர்களிடம் சொன்னார். ஜனங்க அதை நிஜப் பேச்சு என்றே நம்புவது தெரிந்ததும் எழுதுவதை நிறுத்தினார். சாகும் சமயத்திலும் அதை நினைத்து வருத்தப்பட்டார்.

1746-ல் ஆங்கில அகராதி எழுத ஒப்பந்தம். மூன்று வருஷம் என்று ஆரம்பித்தது ஒன்பது வருஷம் இழுத்தது. ஆறு உதவியாளர்கள், அதில் ஐந்து பேர் ஸ்காட்லாந்துக்காரங்க. நடுவில், 1752-ல், மனைவி இறந்துபோனார். 1755 ஏப்ரல் 15-ல் அகராதி வெளியானது. 42,773 சொற்கள்!

அதில் பெரும்பாலானவை நிதானமான, துல்லியமான விளக்கங்கள். ஆனா சில இடங்களில் மனுஷனால் சும்மா இருக்க முடியலை. ஓட்ஸ் என்றால் இங்கிலாந்தில் குதிரைத் தீனி, ஸ்காட்லாந்தில் மனுஷங்க சாப்பாடு என்று ஒரு குத்து. கூட உட்கார்ந்து எழுதின அந்த ஐந்து பேர் என்ன நினைச்சிருப்பாங்க? கலால் வரிக்கு விளக்கமாக ஒரு வசவே எழுதி வைத்தார். வரித்துறை அதிகாரிகள் அட்டர்னி ஜெனரலிடம் யோசனை கேட்டாங்க. அது அவதூறுதான், ஆனாலும் திருத்திக்கொள்ள ஒரு வாய்ப்புக் கொடுங்க என்றார் அவர். நல்லவேளை, வழக்கு வரலை.

பென்ஷன் என்ற சொல்லுக்கு, நாட்டுக்குத் துரோகம் செய்பவனுக்கு அரசு தரும் கூலி என்ற பொருளில் எழுதியிருந்தார். அகராதியால் பேர் வந்ததே தவிர காசு தங்கலை. 1756-ல் கடனுக்காகக் கைதானார். நாவலாசிரியர் ரிச்சர்ட்சன் பணம் அனுப்பி மீட்டார். 1762-ல் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் வருஷத்துக்கு 300 பவுண்டு பென்ஷன் கொடுக்க முன்வந்தார். தான் எழுதினது தன் முன்னாடியே வந்து நின்றது! வாங்கலாமா என்று ஓவியர் ரெனால்ட்ஸிடம் கேட்டார். உங்க விளக்கம் உங்களுக்குப் பொருந்தாது என்று அவர் தைரியம் சொன்னார். ஜான்சன் வாங்கிக்கிட்டார். எதிரிகள் அகராதியைக் காட்டியே கேலி செய்தாங்க. ஆனாலும் 1773-ல் திருத்திய பதிப்பில்கூட அந்த விளக்கத்தை அவர் மாற்றலை.

1784 டிசம்பர் 13-ல் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தாங்க.

இந்தக் குறும்பு விளக்கங்கள் படிக்க ஜாலியாத்தான் இருக்கு. எனக்கும் பிடிக்கும். ஆனா கலால் வரி என்றால் என்னன்னு தெரிஞ்சுக்க அந்தப் பக்கத்தைப் புரட்டினவருக்கு ஜான்சனின் கோபம்தான் கிடைச்சிருக்கும். ஒன்பது வருஷம் பார்த்துப் பார்த்து எழுதின மத்த ஆயிரக்கணக்கான சொற்களை இன்னிக்கு யாரும் பேசறதில்லை.

நான் மறுபடி எங்க ஊர்க் கட்டுரையைத் திறந்தேன். ஏரியின் பரப்பளவு, ரயில் நிலையம் வந்த வருஷம், என்ன பயிர் விளையுது, இதெல்லாம் தேடிச் சேர்த்தேன். ஊர் அழகா இல்லையான்னு படிக்கிறவங்களே முடிவு பண்ணிக்கட்டும். இந்தத் தடவை யாரும் எதையும் நீக்கலை.