உலைக்குத் தப்பிய பாரசீகப் பொன்

1880-ம் ஆண்டு மே மாதம். காபூலிலிருந்து பெஷாவர் செல்லும் மலைப்பாதை. புகாரா நாட்டு வணிகர்கள் மூட்டை முடிச்சுகளுடன் வந்துகொண்டிருந்தார்கள். மூட்டைகளில் இருந்தது சாதாரணச் சரக்கு அல்ல. ஆமு தரியா ஆற்றங்கரையில் சில ஆண்டுகளுக்கு முன் கிடைத்த புதையல்! தங்கக் காப்புகள், தகடுகள், சிறு உருவங்கள், பழங்காசுகள்.

வழியில் கொள்ளைக்காரர்கள் பாய்ந்தார்கள். வணிகர்களைப் பிடித்துச் சென்றார்கள். வேலைக்காரன் ஒருவன் மட்டும் தப்பி ஓடி, பர்ட்டன் என்ற ஆங்கில அதிகாரியிடம் முறையிட்டான். அதிகாரி இரண்டே ஆட்களுடன் அன்றிரவே புறப்பட்டார். ஒரு குகையில் கொள்ளைக்காரர்கள் பங்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பொருளில் பெரும்பகுதியை அவர் மீட்டு வணிகர்களிடம் சேர்ப்பித்தார்.

பிறகு அவை ராவல்பிண்டிக் கடைவீதியில் விலைக்கு வந்தன. எடைக்கு எடை தங்கமாக விற்றிருந்தால், தட்டார் உலையில் உருகிப் போயிருக்கும். அப்படிப் போகாமல் பலவற்றை வாங்கிக் காத்தவர் 66 வயது முதியவர் ஒருவர். அவர்தான் அலெக்சாண்டர் கன்னிங்ஹாம்.

நாணயச்சாலை நண்பர்

கன்னிங்ஹாம் 1814-ம் ஆண்டு ஜனவரி 23-ந் தேதி லண்டனில் பிறந்தார். தந்தை ஸ்காட்லாந்துக் கவிஞர். 19-வது வயதில், 1833-ல், ராணுவ என்ஜினீயராகக் கப்பலேறி இந்தியா வந்தார்.

கல்கத்தாவில் அவருக்கு ஒரு நண்பர் கிடைத்தார். ஜேம்ஸ் பிரின்செப். நாணயச்சாலையில் தங்கம், வெள்ளியின் மாற்றுப் பார்க்கும் அதிகாரி. அசோகரின் கல்வெட்டு எழுத்தை 1837-ல் படித்துக் காட்டியவர் இவரே. காசு என்பது செலவழிக்க மட்டும் அல்ல, படிக்கவும்தான் என்ற பாடத்தைக் கன்னிங்ஹாம் இவரிடம் கற்றார். பிரின்செப் 1840-ல் காலமானார். நண்பர் விட்ட வேலையைக் கன்னிங்ஹாம் தொடர்ந்தார்.

ராணுவத்தில் மேஜர் ஜெனரலாக உயர்ந்து, 1861-ல் ஓய்வு பெற்றார். அதே ஆண்டு தொல்பொருள் ஆய்வுப் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1871-ல் தொல்பொருள் இலாகாவின் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

வில் பிடித்த அரசர்

பாரசீகக் காசு மீது அவருக்கு ஏன் இவ்வளவு அக்கறை? காரணம் உண்டு. டேரியஸ் மன்னர் காலத்தில் பாரசீகப் பேரரசு சிந்து நதிக்கரை வரை பரவியிருந்தது. அதன் சரித்திரத்தில் நம் சரித்திரமும் கலந்திருக்கிறது.

டேரியஸ் வெளியிட்ட பொற்காசுக்கு டாரிக் என்று பெயர். எடை சுமார் 8.4 கிராம், ஒரு பவுனைவிடச் சற்றே அதிகம். ஒரு பக்கம் வில்லேந்திய அரசர். மறுபக்கம் வெறும் அச்சுக் குழி. கி.மு. 330-ல் பாரசீகம் மாவீரன் அலெக்சாண்டரிடம் வீழ்ந்தது. டாரிக் காசுகளில் பெரும்பாலானவை உருக்கப்பட்டுப் புதுக் காசுகளாயின. எஞ்சியவை சொற்பம்.

ஆமு தரியாப் புதையலுடன் சுமார் 1,500 காசுகள் வந்ததாகக் கணக்கு. அவற்றில் யார் யாருடைய காசு இருக்கிறது, எது கடைசிக் காசு என்று கன்னிங்ஹாம் பார்த்தார். புதையல் எந்தக் காலத்தில் புதைக்கப்பட்டது என்பதை அதைக் கொண்டே கணித்தார். 1881-லும் 1883-லும் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் படங்களுடன் எழுதினார்.

ஆனால் ஒரு குறை நேர்ந்துவிட்டது. புதையல் பல கை மாறி வந்தது. வேறு இடத்துக் காசுகளும் கலந்தன; போலிகளும் நுழைந்தன. எந்தக் காசு உண்மையில் அந்தப் புதையலைச் சேர்ந்தது என்று அறிஞர்கள் இன்னமும் வாதாடுகிறார்கள். கிடைத்த இடத்தில் ஒருவர் குறித்து வைத்திருந்தால் இந்த வழக்கே இல்லை.

கடல் கொண்ட செல்வம்

1885-ல் அவர் பதவியை விட்டார். அந்த நவம்பரில் அவருடைய சேகரிப்பை ஏற்றிச் சென்ற 'இண்டஸ்' கப்பல் இலங்கையின் முல்லைத்தீவுக் கடற்கரைக்கு அருகே உடைந்து மூழ்கியது. அரை நூற்றாண்டுத் தேட்டத்தில் பெரும்பகுதி கடலோடு போயிற்று.

70 வயதைத் தாண்டிய அவர் இடிந்து உட்காரவில்லை. 1891-ல் பண்டைய இந்திய நாணயங்கள் பற்றி நூல் வெளியிட்டார். 1893 நவம்பர் 28-ந் தேதி லண்டனில் காலமானார். அவருடைய தங்க, வெள்ளிக் காசுகளில் பெரும்பாலானவை பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்தன. ஆமு தரியாப் பொருட்களை அவர் பிராங்க்ஸ் என்ற அறிஞருக்கு விற்றிருந்தார். பிராங்க்ஸ் எழுதிவைத்த உயிலின்படி 1897-ல் அவையும் அங்கேயே போய்ச் சேர்ந்தன.

கன்னிங்ஹாம் பதவியில் இருந்தபோதுதான், 1878-ல், புதையல் சட்டம் வந்தது. 10 ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையலைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் விதி. அஸ்திவாரம் தோண்டும் கடப்பாரையில் ஒரு பழங்காசு தட்டுப்படலாம். உருக்கினால் சில கிராம் தங்கம். கிடைத்த இடத்தோடு குறித்து ஒப்படைத்தால், அது ஒரு நாட்டின் சரித்திரம்.