தும்பாவில் எழுந்த ஏவூர்தி

திருவனந்தபுரம் நகருக்கு வடமேற்கே, அரபிக்கடலின் கரையில் தும்பா என்னும் ஊர் உள்ளது. 1960களின் தொடக்கத்தில் அது தென்னைகள் அடர்ந்த மீனவர் சிற்றூராக இருந்தது. இந்தியாவின் ஏவூர்தி ஆய்வு அம்மணற்பரப்பில்தான் தொடங்கியது. அதற்கு வித்திட்டவர் விக்ரம் சாராபாய்.

அவர் 1919ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 12ஆம் நாள் அகமதாபாத்தில் செல்வக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்றார். இரண்டாம் உலகப்போர் மூண்டதால் தாயகம் திரும்பி, பெங்களூருவில் சர் சி.வி. இராமனின் வழிகாட்டுதலில் அண்டக்கதிர்களை ஆராய்ந்தார். 1947இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் அகமதாபாத்தில் இயற்பியல் ஆய்வுக்கூடத்தை நிறுவினார்.

1962இல் இந்திய விண்வெளி ஆய்வுக்கான தேசியக் குழு அமைந்தது. சாராபாய் அதன் தலைவரானார். ஏவுதளம் அமைக்கத் தும்பா தேர்ந்தெடுக்கப்பட்டது. புவியின் காந்த நடுக்கோடு அவ்வூருக்கு மிக அருகில் செல்வதே அதற்குக் காரணம். அக்கோட்டின் மேலே, தரையிலிருந்து 100 கிலோமீட்டருக்குச் சற்று மேலே, காற்றுவெளியில் மின்னோட்டம் பாய்கிறது. பலூன்கள் அவ்வளவு உயரம் செல்ல இயலா. செயற்கைக்கோள்கள் அவ்வளவு தாழ்வில் நிலைத்துச் சுற்ற இயலா. மேலே சென்று கீழே விழும் ஆய்வு ஏவூர்தியே அப்பகுதியை அறிய ஏற்ற கருவியாகும்.

தும்பாவில் புனித மகதலேனா மரியாள் ஆலயம் இருந்தது. சாராபாய் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைராவைக் கண்டு தம் நோக்கத்தை விளக்கினார். ஆயரும் ஊராரும் இசைந்தனர். மீனவக் குடும்பங்கள் தாம் வாழ்ந்த மண்ணைவிட்டு வேறிடத்தில் குடியேறின. ஆலயம் ஆய்வுக்கூடமாயிற்று. ஏவூர்தியின் உறுப்புகள் மிதிவண்டியிலும் கொண்டு செல்லப்பட்டன. இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் உள்ளிட்ட இளம் பொறியாளர்கள் அங்குப் பணியாற்றினர்.

1963 நவம்பர் 21ஆம் நாள் மாலையில், அமெரிக்கா வழங்கிய நைக்கி-அப்பாச்சி ஏவூர்தி விண்ணை நோக்கிப் பாய்ந்தது. அது உமிழ்ந்த சோடிய ஆவி வானில் முகிலாக ஒளிர்ந்தது. அம்முகில் நகர்ந்த விதத்தைக் கொண்டு மேல்வெளிக் காற்றின் போக்கு கணக்கிடப்பட்டது.

இத்தகைய ஏவூர்தியின் எரிபொருள் தொடக்கத்திலேயே எரிந்து தீர்ந்துவிடும். அதன்பின் அது மேல்நோக்கி எறியப்பட்ட பந்தைப் போன்றதே. ஒரு பந்தை நொடிக்கு 20 மீட்டர் திசைவேகத்தில் நேர் மேலாக எறிவதாகக் கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கத்தை ஏறத்தாழ 10 என்று கொண்டால், அதன் திசைவேகம் ஒவ்வொரு நொடியும் 10 குறையும். முதல் நொடியின் முடிவில் 10, இரண்டாம் நொடியில் சுழி, மூன்றாம் நொடியில் கீழ்நோக்கி 10, நான்காம் நொடியில் கீழ்நோக்கி 20. இவற்றை வரைபடத்தில் குறித்தால் கீழ்நோக்கிச் சாயும் நேர்கோடு கிடைக்கும். அதே நொடிகளில் பந்தின் உயரம் 15, 20, 15, 0 மீட்டர். இவற்றைக் குறித்தால் குன்று போன்ற வளைகோடு கிடைக்கும்.

உச்சியில் பந்து ஒரு கணம் நிற்கிறது. ஆனால் புவியின் ஈர்ப்பு நிற்பதில்லை. திசைவேகம் சுழியாகும் அக்கணத்திலும் முடுக்கம் சுழியன்று. 200 கிலோமீட்டர் உயரத்தில்கூட அது 9.8இலிருந்து ஏறத்தாழ 9.2 ஆகவே குறைகிறது. ஆகவே தும்பாவில் எழுந்த ஏவூர்தி கடலில் விழுந்தது தோல்வியன்று. விழுவதற்கு முன் கிடைத்த சில மணித்துளிகளே அறிவியலுக்கு உரியவை.

வறுமை மிக்க நாட்டுக்கு ஏவூர்தி எதற்கு எனப் பலர் வினவினர். சிற்றூர்களுக்குக் கல்வியும் வானிலைச் செய்தியும் தொலைத்தொடர்பும் சென்று சேர விண்வெளி அறிவியல் உதவும் என்று சாராபாய் உறுதியாக நம்பினார். 1967 நவம்பர் 20ஆம் நாள், இந்தியாவிலேயே உருவான ரோகிணி-75 ஏவூர்தி தும்பாவிலிருந்து எழுந்தது. 1971 டிசம்பர் 30ஆம் நாள், திருவனந்தபுரத்தை அடுத்த கோவளத்தில் சாராபாய் தம் 52ஆம் வயதில் மறைந்தார். தும்பாவிலுள்ள விண்வெளி மையம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

1980 ஜூலை 18ஆம் நாள், அப்துல் கலாம் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.-3 ஏவூர்தி, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் செலுத்தியது. செயற்கைக்கோளும் புவியை நோக்கி விழுந்துகொண்டேதான் இருக்கிறது. எனினும் நொடிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் பக்கவாட்டில் விரைவதால், அது தரையைத் தொடாமல் புவியைச் சுற்றுகிறது. கடலில் விழுந்த ஏவூர்திகளிடம் கற்ற பாடமே விழாமல் சுற்றும் கோளுக்கு வழிகாட்டியது.

சொற்பொருள்
திசைவேகம் – குறிப்பிட்ட திசையில் செல்லும் வேகம்
முடுக்கம் – திசைவேகம் மாறும் வீதம்
சுழி – பூச்சியம்
முகில் – மேகம்

பயிற்சி
1. ஏவுதளம் அமைக்கத் தும்பா தேர்ந்தெடுக்கப்பட்டது ஏன்?
2. தும்பா மக்கள் அறிவியலுக்குச் செய்த உதவி யாது?
3. பந்தின் திசைவேகத்தையும் உயரத்தையும் தனித்தனி வரைபடங்களாக வரைக. பந்து உச்சியை அடையும் கணத்தை இரண்டிலும் குறிக்க.
4. செயற்கைக்கோள் தரையில் விழாதது ஏன்? மூன்று தொடர்களில் எழுதுக.