மீனுக்கு ஊசி போட்டு முட்டையிட வைத்த விஞ்ஞானி: வைகை அணை கட்லாவுக்குப் பின்னால் இருக்கும் ஹிராலால் சவுத்ரி யார்?

தேனி மாவட்டம் ஜெயமங்கலத்தில் இருந்து வைகை அணை ரொம்ப தூரம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அணைப்பக்கம் போய் மீன் வாங்கி வருவது இந்தச் சுத்துவட்டார வீடுகளில் சாதாரண விஷயம். கடையில் வெட்டி எடை போடும் மீன்களில் பெரும்பாலும் நாம் பார்ப்பது கட்லா, ரோகு, மிர்கால். ஆனா ஒரு விஷயம் தெரியுமா? இந்த மூணுமே வைகைக்குச் சொந்தமான மீன்கள் இல்லை. வடக்கே கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி மாதிரியான ஆறுகளில் வாழ்ந்த மீன்கள் இவை.

அங்கே இருந்த மீன் இங்கே நம்ம அணைக்கும் கண்மாய்க்கும் எப்படி வந்தது? அதுவும் வருஷா வருஷம் லட்சக்கணக்கில் குஞ்சுகள் எப்படிக் கிடைக்கின்றன? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனால், 1957-ம் ஆண்டு ஜூலை 10-ம் தேதியில் போய் நிற்போம். அந்த நாளுக்குச் சொந்தக்காரர் ஹிராலால் சவுத்ரி. ஜூலை 10-ஐ தேசிய மீன் வளர்ப்போர் தினமாக நாடு கொண்டாடுவதற்குக் காரணமும் அவர்தான்.

யார் இந்த ஹிராலால் சவுத்ரி?

1921-ம் ஆண்டு நவம்பர் 21-ம் தேதி சில்ஹெட் பகுதியில் பிறந்தார். இன்றைக்கு அது வங்கதேசத்தில் இருக்கிறது. ஆறும் குளமும் மீனும்தான் அந்த மண்ணோட வாழ்க்கை. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்துவிட்டு, சொந்த ஊர்ப் பக்கமே சில்ஹெட் முராரி சந்த் கல்லூரியில் ஆசிரியராக வேலை பார்த்தார்.

1947-ல் நாடு பிரிந்தது. சில்ஹெட்டின் பெரும்பகுதி கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போனது. லட்சக்கணக்கான குடும்பங்களைப் போலவே சவுத்ரியும் ஊரை விட்டு இந்தியா வந்தார். அப்போதுதான் தொடங்கப்பட்டிருந்த மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உள்ள பாரக்பூரில் இந்த நிறுவனம் இன்றும் இயங்குகிறது. பின்னாளில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள ஆபர்னில், குளத்து மீன் வளர்ப்பில் பெயர் பெற்ற ஹோமர் ஸ்விங்கிளிடமும் படித்துவிட்டு வந்தார்.

அன்றைக்கு என்னதான் பிரச்சனை?

கட்லாவும் ரோகுவும் குளத்தில் நல்லா வளரும். சினையும் பிடிக்கும். ஆனா தேங்கிய தண்ணீரில் முட்டை மட்டும் போடாது. பருவமழைக் காலத்தில் ஆற்றில் புதுவெள்ளம் வர வேண்டும், கரையோரத் தாழ்வான நிலங்களில் தண்ணீர் பரவ வேண்டும். அப்போதுதான் முட்டையிடும். குளத்தில் இருக்கும் மீனின் வயிற்றில் சினை முழுசாக வளர்ந்தும் வெளியே வராது. பருவம் முடிந்ததும் உடம்புக்குள்ளேயே கரைந்துவிடும்.

அதனால் மீன் வளர்க்க நினைப்பவர்களுக்கு இருந்தது ஒரே வழிதான். மழைக்காலத்தில் ஆற்றோரம் வலை கட்டி, வெள்ளத்தில் வரும் முட்டையையும் குஞ்சையும் அள்ளுவது. அதை மண்பானைகளில் போட்டு ரயிலில் ஊர் ஊராக அனுப்புவார்கள். வழியில் செத்தது போக மிச்சம்தான் குளத்துக்கு வரும். அந்த மிச்சத்திலும் எது கட்லா, எது விரால், எது வாளை என்று கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. மற்ற மீன்களைத் தின்னும் ஜாதி நாலு கலந்துவிட்டால் போச்சு, குளமே காலி.

சுருக்கமாகச் சொன்னால், விதை நெல் கையில் இல்லாமல் விவசாயம் பார்த்த கதை. மழை தவறினால் அந்த வருஷம் குஞ்சும் இல்லை, மீனும் இல்லை.

ஊசி யோசனை எங்கிருந்து வந்தது?

மூளைக்கு அடியில் பட்டாணியை விடச் சின்னதாக ஒரு சுரப்பி இருக்கிறது. அதுதான் பிட்யூட்டரி. இனப்பெருக்கத்துக்கான ஹார்மோனை ரத்தத்தில் அனுப்புவது இதன் வேலைகளில் ஒன்று. 1930-ல் அர்ஜென்டினாவின் பெர்னார்டோ ஹௌஸ்ஸே மீன்களில் இந்தச் சுரப்பியைச் செலுத்தி ஆய்வு செய்தார். இவர்தான் பின்னர் 1947-ல் நோபல் பரிசு பெற்றவர். அடுத்து 1934-ல் பிரேசிலில் ரொடால்ஃபோ வான் ஈரிங் குழுவினர், மீனின் பிட்யூட்டரியை எடுத்து இன்னொரு மீனுக்குச் செலுத்தி முட்டையிட வைத்தார்கள்.

இந்தியாவிலும் முயற்சி நடக்காமல் இல்லை. 1937-லேயே ஹமீத் கான் என்ற ஆய்வாளர் பாலூட்டிகளின் பிட்யூட்டரியை வைத்து மிர்கால் மீனிடம் முயன்று பார்த்தார். ஆனா பண்ணையில் நம்பிப் பயன்படுத்தும் அளவுக்கு அது வளரவில்லை.

சவுத்ரி மீனுக்கு மீன் சுரப்பி என்ற வழியில் போனார். நேரடியாகப் பெரிய மீனில் கை வைக்கவில்லை. 1955-ல் கட்லாவின் பிட்யூட்டரியை எடுத்து, விரல் நீளமே உள்ள ஒரு சின்னக் கெண்டை இன மீனுக்குச் செலுத்தினார். அது முட்டையிட்டது. சுரப்பி ஒரு ஜாதி, ஊசி வாங்கிய மீன் வேறு ஜாதி. அப்படியிருந்தும் வேலை செய்தது என்பதுதான் அதில் முக்கியம்.

1957 ஜூலை 10 அன்று என்ன நடந்தது?

ஒடிசாவின் கட்டாக்கில் அந்த நிறுவனத்துக்குக் குளத்து மீன் வளர்ப்புப் பிரிவு ஒன்று இருந்தது. அங்கே சவுத்ரியோடு சேர்ந்து இந்த ஆய்வை நடத்தியவர் கே.எச். அலிக்குன்ஹி. ஒடிசாவின் அங்குல் என்ற ஊரில் ஊசி போட்ட கெண்டை மீன்கள் அன்றைக்கு முட்டையிட்டன, குஞ்சும் பொரித்தன. ஆற்று வெள்ளம் செய்ய வேண்டிய வேலையை ஒரு ஊசி செய்து முடித்தது. அதே ஆண்டில் இருவரும் சேர்ந்து ஆய்வு முடிவை அறிவியல் இதழில் வெளியிட்டார்கள்.

அந்த ஊசி எப்படி வேலை செய்கிறது?

நிறையப் பேர் நினைப்பது மாதிரி, ஊசி போட்டதும் மீன் வயிற்றில் முட்டை உருவாவது இல்லை. முட்டை முன்னாடியே தயாராக இருக்க வேண்டும். அதை முழுசாகப் பழுக்க வைத்து வெளியே விடச் சொல்லும் கடைசிக் கட்டளைதான் ஊசி.

செய்முறை இதுதான்:

• நன்றாகப் பருவம் அடைந்த மீனின் தலையைத் திறந்து பிட்யூட்டரியை எடுத்து ஆல்கஹாலில் போட்டு வைப்பார்கள்.

• தேவைப்படும்போது அரைத்து, தண்ணீரில் கலந்து, தெளிந்த சாற்றை மட்டும் எடுப்பார்கள்.

• பெண் மீனுக்கு இரண்டு தவணை. முதலில் ஒரு கிலோ உடல் எடைக்கு 2 முதல் 3 மில்லிகிராம் சுரப்பி. சுமார் 6 மணி நேரம் கழித்து 5 முதல் 8 மில்லிகிராம். ஆண் மீனுக்கு அந்த இரண்டாவது தவணை நேரத்தில் ஒரே ஊசி.

• பிறகு இரண்டையும் தண்ணீரில் கட்டிய துணித் தொட்டியில் விடுவார்கள். பொதுவாக 6 மணி நேரத்துக்குள் முட்டையிடும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் சுமார் 14 முதல் 18 மணி நேரத்தில் குஞ்சு பொரிக்கும்.

ஒரு கிலோ எடையுள்ள ரோகு 2 லட்சம் முட்டைக்கு மேலேயே போடும். இப்போ கணக்குப் போட்டுப் பாருங்க, பத்து மீன் போதும், ஒரு பெரிய கண்மாய்க்குத் தேவையானதை விட அதிகமாகவே கிடைக்கும்.

மீனின் சதைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

ஊசி போடுவது பெரும்பாலும் வாலுக்குச் சற்று முன்னால் உள்ள சதையில். அங்கிருந்து மருந்து கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கலக்கும். ஆனா சதையின் பங்கு இதோடு முடிவதில்லை.

சினை வளரும் மாதங்களில், பிட்யூட்டரி தரும் உத்தரவால் சினைப்பை ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. அது கல்லீரலுக்குப் போய், முட்டைக்குத் தேவையான கருவுணவுப் புரதத்தைத் தயாரிக்கச் சொல்கிறது. அந்தப் புரதம் ரத்தம் வழியாகச் சினைக்கு வந்து சேர்கிறது. இதுக்கான மூலப்பொருள் எங்கிருந்து வரும்? மீன் தின்னும் தீனி பத்தாவிட்டால், கல்லீரலிலும் சதையிலும் சேர்த்து வைத்த கொழுப்பும் புரதமும் கரையும். அதனால்தான் முட்டையிட்டு முடித்த மீனின் சதையில் தண்ணீர்ச் சத்து கூடி, மீன் தொளதொளன்னு இருக்கும். குழம்பில் ருசி குறைவதை நம்ம வீட்டுப் பெரியவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். காரணம் இந்த உயிர்வேதியியல் கணக்குதான்.

பண்ணைகளில் தாய் மீனுக்குப் பருவத்துக்குச் சில மாதம் முன்பிருந்தே கடலைப் பிண்ணாக்கும் தவிடும் கவனமாகப் போடுவதும் இதனால்தான். உடம்பில் சரக்கு இல்லாத மீனுக்கு ஊசி போட்டு எந்தப் பிரயோஜனமும் இல்லை.

அதுக்குப் பிறகு என்ன மாறியது?

1962-ல் வெளிநாட்டில் இருந்து வந்த வெள்ளிக்கெண்டை, புல்கெண்டை மீன்களும் இதே முறையில் கட்டாக்கில் முட்டையிட்டன. ஒரே குளத்தில் மேல்மட்டம், நடுமட்டம், அடிமட்டம் என்று வெவ்வேறு இடத்தில் மேயும் மீன்களைச் சேர்த்து வளர்க்கும் கூட்டு மீன் வளர்ப்பு பரவியது. 1950-51-ல் இந்தியாவின் மொத்த மீன் உற்பத்தி 7.52 லட்சம் டன். அதில் உள்நாட்டு மீன் 2.18 லட்சம் டன் மட்டுமே. 2022-23-ல் மொத்தம் 175 லட்சம் டன்னைத் தாண்டியது. அதில் சுமார் 131 லட்சம் டன் உள்நாட்டு மீன். இதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனா குஞ்சு கையில் கிடைக்காமல் இதில் எதுவும் நடந்திருக்காது.

சவுத்ரி பின்னர் பிலிப்பைன்ஸ் உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய நாடுகளிலும் மீன் வளர்ப்புப் பணியில் ஈடுபட்டார். இன்றைக்குச் சுரப்பியை அரைக்கும் வேலைகூடப் பல பொரிப்பகங்களில் இல்லை. ஒரே ஊசியில் வேலை முடிக்கும் செயற்கை ஹார்மோன் மருந்து புட்டியில் கிடைக்கிறது. அடிப்படை மட்டும் அதே 1957 அடிப்படைதான்.

விருது கிடைத்ததா?

மும்பை மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. ஆனா பத்ம விருது எதுவும் அவரைத் தேடி வரவில்லை. 2014 செப்டம்பர் 12-ம் தேதி கொல்கத்தாவில் 92 வயதில் காலமானபோது, நாட்டின் பெரும்பாலான மீன் சாப்பிடுபவர்களுக்கு அவர் பெயரே தெரியாது.

இப்போது நாம் கவனிக்க வேண்டியது என்ன?

அன்றைக்குக் குஞ்சே கிடைக்கவில்லை. இன்றைக்குக் கிடைக்கிற குஞ்சு தரமானதா என்பது கேள்வி. ஒரே தாய் மீன் கூட்டத்தையே தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தினால் நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே கலப்பு நடந்து வளர்ச்சி குறையும். கட்லாவையும் ரோகுவையும் ஒரே தொட்டியில் ஊசி போட்டு விட்டால் இனம் கலந்துவிடும். குஞ்சாக இருக்கும்போது இது கண்ணுக்குத் தெரியாது.

ஜெயமங்கலம் பக்கம் கண்மாயை மீன் பாசி குத்தகைக்கு எடுப்பவருக்கு இதில்தான் வாழ்வா சாவா பிரச்சனை. குத்தகைப் பணம் முன்னாடியே கட்டியாச்சு, தீனியும் போட்டாச்சு. மாதக்கணக்கில் காத்திருந்து வலை போடும்போதுதான் மீன் எடை பிடிக்கவில்லை என்பது தெரியும். அப்போது தெரிந்து என்ன செய்ய? அதனால் குஞ்சு வாங்கும்போதே தாய் மீன் எங்கிருந்து வந்தது, எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள் என்று பொரிப்பகத்தில் கேட்பது நல்லது.

ஆற்று வெள்ளத்தை நம்பி இருந்தவர்களுக்கு ஒரு ஊசியில் வழி காட்டினார் சவுத்ரி. அந்த ஊசியைப் பொறுப்பாகப் பயன்படுத்துவது இனி பொரிப்பகங்களின் கையில் இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அணைப்பக்கம் கட்லா வாங்கும்போது, சில்ஹெட்டில் இருந்து ஊரை விட்டு வந்த அந்த மனிதரையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.