ஹோமி பாபா செறிவூட்டாத யுரேனியத்தைத் தேர்ந்தெடுத்தது ஏன்?

தஞ்சாவூர் - திருச்சி சாலையில் திருவெறும்பூர் 'பெல்' ஆலையைப் பார்த்திருப்பீங்க. கனநீர் அணு உலைகளுக்கான நீராவிக் கலன்கள் அங்கேயும் தயாராகின்றன. அந்த உலைகளை நோக்கி இந்தியாவைத் திருப்பியவர் ஹோமி பாபா.

1909-ல் மும்பையில் பிறந்து, கேம்பிரிட்ஜில் படித்தவர். 1945-ல் டாடா அறக்கட்டளை பணம் தர, பம்பாய் அரசும் கைகொடுக்க, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். 1948-ல் அணுசக்தி ஆணையத் தலைவரானார்.

சரி, சிக்கல் எங்கே? இயற்கை யுரேனியத்தில் எளிதில் பிளவுறும் யுரேனியம்-235 சுமார் 0.7% தான். அந்த விகிதத்தைக் கூட்டுவதே செறிவூட்டல். அப்போது அந்தத் தொழில்நுட்பம் வெகுசில நாடுகளிடம் மட்டுமே இருந்தது. 1956-ல் இயங்கிய 'அப்சரா' ஆய்வு உலைக்கே பிரிட்டன்தான் எரிபொருள் கொடுத்தது.

அதனால், செறிவூட்டல் தேவைப்படாத கனநீர் உலைகளை நீண்டகாலத் திட்டத்தின் அடித்தளமாக்கினார் பாபா. சீக்கிரம் மின்சாரம் வேண்டும் என்பதற்காக, தாராப்பூருக்கு மட்டும் அமெரிக்காவின் செறிவூட்டிய எரிபொருளை ஏற்றார்.

1966 ஜனவரி 24-ல் ஆல்ப்ஸ் மலையில் நடந்த விமான விபத்தில் இறந்தார், வயது 56.

1974 பொக்ரான் சோதனைக்குப் பிறகு தாராப்பூருக்கு எரிபொருள் கிடைப்பதே பெரும்பாடானது. ஆனா, 1983-ல் இயங்கத் தொடங்கிய கல்பாக்கம் முதல் உலைக்கு அந்தக் கவலை இல்லை. அதன் எரிபொருள் இயற்கை யுரேனியம்!