ஜே. பி. எஸ். ஹால்டேன்

ஜான் பர்டன் சாண்டர்சன் ஹால்டேன் (நவம்பர் 5, 1892 – டிசம்பர் 1, 1964) இங்கிலாந்தில் பிறந்து இந்தியக் குடிமகனாக மறைந்த மரபியல் அறிஞர் ஆவார். ரொனால்டு ஃபிஷர், சீவால் ரைட் ஆகியோருடன் மக்கள்தொகை மரபியலுக்குக் கணித அடித்தளம் அமைத்தவர். பரம்பரையாக வரும் விழித்திரைக் குறைபாடுகளைக் கொண்டு மனித நிறப்புரிகளில் மரபணுக்களின் இடத்தைக் கணிக்க முயன்ற முன்னோடிகளுள் ஒருவர்.

இளமை

ஆக்ஸ்போர்டில் பிறந்தார். தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன் புகழ்பெற்ற உடலியங்கியலாளர். ஹால்டேன் பல்கலைக்கழகத்தில் கற்றவை கணிதமும் கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களுமே. அறிவியலில் அவர் பட்டம் எதுவும் பெற்றதில்லை. முதல் உலகப் போரில் காயமுற்று, உடல்நலம் தேறுவதற்காக இந்தியாவிற்கு அனுப்பப்பட்டார். 1923 முதல் கேம்பிரிட்ஜில் உயிர்வேதியியல் கற்பித்த அவர், 1933 இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேராசிரியரானார்.

விழித்திரை நோய்கள் பற்றிய ஆய்வு

அக்கல்லூரியின் கால்டன் ஆய்வகத்தில் ஜூலியா பெல் என்ற அம்மையார் பரம்பரை நோய்கள் கண்ட குடும்பங்களின் கால்வழிகளைத் திரட்டிவந்தார். நிறமி விழித்திரை அழற்சி பற்றிய அவரது தொகுப்பு 1922 இல் வெளியானது. இந்நோய் இரவில் பார்வை குன்றுவதில் தொடங்கிப் பார்வைப் புலத்தைச் சிறிது சிறிதாகக் குறுக்கிவிடும். ஊட்டச்சத்துக் குறைவால் வரும் மாலைக்கண்ணைப் போல் இது உயிர்ச்சத்து ஏ கொடுத்தால் நீங்குவதன்று.

எக்ஸ், ஒய் நிறப்புரிகளுக்குப் பொதுவான ஒரு பகுதி உண்டெனில், அங்குள்ள மரபணுக்கள் பாலினத்தோடு ஓரளவே பிணைந்திருக்கும் என்று ஹால்டேன் கருதினார். தந்தை ஒரு குறையைத் தம் தந்தையிடமிருந்து பெற்றிருந்தால் அது ஒய் நிறப்புரியில் இருக்கும். ஆகவே பெரும்பாலும் மகன்களைச் சேரும். தம் தாயிடமிருந்து பெற்றிருந்தால் பெரும்பாலும் மகள்களைச் சேரும். பெற்றோர் இரத்த உறவினராயின் அக்குறை எவ்வழி வந்ததெனக் கால்வழியிலிருந்தே ஊகிக்கலாம். இம்முறையில் முழு நிறக்குருடு, ஓகுச்சி நோய், நிறமி விழித்திரை அழற்சியின் சில வகைகள் ஆகியன அப்பொதுப் பகுதியைச் சார்ந்தவை என 1936 இல் அறிவித்தார்.

இம்முடிவு தவறானது. பிந்தைய கணிப்புகளில் அது நிலைக்கவில்லை. முழு நிறக்குருடுக்குரிய முதன்மை மரபணுக்கள் 2, 8 ஆம் நிறப்புரிகளில் உள்ளன. நிறமி விழித்திரை அழற்சிக்குக் காரணமாக முதலில் அடையாளம் காணப்பட்ட மாற்றம், 3 ஆம் நிறப்புரியிலுள்ள ரோடாப்சின் மரபணுவில் 1990 இல் கண்டறியப்பட்டது. ஆயினும் பொதுப் பகுதி உண்டு என்ற அடிப்படைக் கருத்து சரியானதே. ஹால்டேன் அங்கே குடியமர்த்திய நோய்கள்தாம் வேறிடத்தைச் சேர்ந்தவை.

அடுத்த ஆண்டு பெல்லுடன் சேர்ந்து செய்த ஆய்வு நிலைத்தது. சிவப்பு, பச்சை நிறக்குருடும் குருதி உறையாமையும் எக்ஸ் நிறப்புரியில் அருகருகே அமைந்தவை என்று 1937 இல் இருவரும் காட்டினர். மனிதரில் இரு மரபணுக்களின் பிணைப்பு அளவிடப்பட்டது அதுவே முதன்முறை. குருதி உறையாமையில் இரு வகைகள் உண்டென்பது அப்போது தெரியாது. 'ஏ' வகையே நிறக்குருடுக்கு மிக அண்மையிலுள்ளது.

இந்தியாவில்

பொதுவுடைமையாளரான ஹால்டேன், சூயஸ் படையெடுப்பைக் கண்டித்து 1957 இல் மனைவி ஹெலன் ஸ்பர்வேயுடன் இந்தியா வந்தார். மகலனோபிஸின் அழைப்பில் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். இந்திய உடையும் மரக்கறி உணவும் மேற்கொண்டார்.

கால்வழி ஆய்வாளருக்குத் தென்னிந்தியா அரிய களமாகும். இங்கு அத்தை மகன், மாமன் மகள் மணத்துடன், தாய்மாமன் அக்காள் மகளை மணப்பதும் வழக்கம். முன்னதில் உட்கலப்புக் கெழு 1/16, பின்னதில் 1/8. மறைந்து நிற்கும் குறை மரபணு பிள்ளைக்கு இரு வழியிலும் வந்து சேரும் வாய்ப்பு இதனால் கூடுகிறது. நிறமி விழித்திரை அழற்சியின் ஒடுங்கு வகை இத்தகைய குடும்பங்களில் மிகுதியாகக் காணப்படுவதற்கு இதுவே காரணம். ஹால்டேனின் மாணவர் துரோணம்ராஜு கிருஷ்ணராவ், மீரா கானுடன் ஆந்திரத்தில் இரத்த உறவுத் திருமணங்களின் விளைவுகளை ஆராய்ந்து 1963 இல் வெளியிட்டார்.

கல்கத்தா நிறுவனத்தில் கருத்து வேறுபாடு ஏற்பட்டு 1961 இல் விலகிய ஹால்டேன், ஒரிசா அரசின் ஆதரவுடன் 1962 இல் புவனேசுவரத்தில் மரபியல், உயிரளவையியல் ஆய்வகத்தைத் தொடங்கினார். இரண்டே ஆண்டுகளில் புற்றுநோயால் அங்கேயே காலமானார். அவரது விருப்பப்படி உடல், மாணவர்களின் பயிற்சிக்காகக் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கப்பட்டது.