ஜவுளிக்கடை மாடியில் பிறந்த நீதிபதி – டென்னிங் பிரபு

சட்டம் படித்தவர் ஒருவராவது உள்ள குடும்பங்கள் நமது சங்கத்தில் அநேகம். அந்த வீடுகளில் டென்னிங் பிரபுவின் பெயர் எப்போதாவது காதில் விழுந்திருக்கும். நான் வக்கீல் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து, வாதத்தில் அவர் பெயரை இழுக்காத சீனியரைப் பார்த்ததில்லை. சின்னச் சின்ன வாக்கியங்களில், கதை சொல்வதுபோல் அவர் தீர்ப்பு எழுதுவார். சட்டம் தெரியாதவருக்கும் அது புரியும். தீர்ப்புகளை அறிந்த அளவுக்கு அவருடைய குடும்பத்தை நம்மில் பலர் அறியவில்லை. அதைப் படித்த பிறகுதான் அந்தத் தீர்ப்புகளின் ஊற்று எங்கே என்று எனக்கு விளங்கியது.

இங்கிலாந்தின் தென்பகுதியில் ஹாம்ப்ஷயரில், டெஸ்ட் நதிக்கரையில் விட்சர்ச் என்று ஒரு சிற்றூர். அங்கே ஜவுளிக்கடை நடத்திவந்தவர் சார்லஸ் டென்னிங். கடைக்கு மேலேயே குடியிருப்பு. மனைவி கிளாரா கல்யாணத்துக்கு முன் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். தகப்பனார் பாட்டிலும் கவிதையிலும் மனம் வைத்த சாது. வியாபார சாமர்த்தியம் போதாது. பிள்ளைகள் முன்னுக்கு வரவேண்டும் என்ற வைராக்கியம் தாயாருடையது. ஒரு பெண்ணும் ஐந்து பிள்ளைகளுமாக ஆறு குழந்தைகள். நான்காவது பிள்ளையாக 1899 ஜனவரி 23 அன்று பிறந்தவர்தான் நம் கதாநாயகர். குறைப்பிரசவத்தில் பிறந்த மிகச் சிறிய குழந்தை. ஆல்ஃபிரட் தாம்ஸன் என்று பெயர் வைத்து, வீட்டில் டாம் என்று கூப்பிட்டார்கள்.

பக்கத்து ஊரான ஆண்டோவரில் பள்ளிப் படிப்பு. பிறகு உபகாரச் சம்பளம் பெற்று 1916 அக்டோபரில் ஆக்ஸ்ஃபோர்டின் மாடலன் கல்லூரியில் கணிதம் படிக்கச் சேர்ந்தார். சொற்ப வருமானமுள்ள குடும்பத்திலிருந்து ஒரு பையன் ஸ்காலர்ஷிப்பை நம்பிப் பெரிய கல்லூரிக்குப் போவது நமக்குப் புதிய கதையல்ல. ஆனால் அவர் போன நேரம் யுத்த காலம். சில வாரங்களுக்கு முன், செப்டம்பர் மாதத்தில்தான், மூத்த அண்ணன் ஜாக் பிரான்ஸ் தேசத்தில் ஸாம் போர்க்களத்தில் உயிரிழந்திருந்தார். இன்னொரு அண்ணன் கார்டன் கடற்படையில் சேர்ந்து, அந்த ஆண்டு நடந்த ஜட்லண்ட் கடற்போரில் பங்கெடுத்தவர். அவர் 1918 மே மாதம் காசநோயால் காலமானார். ஐந்து பிள்ளைகளில் இருவரை இரண்டு ஆண்டுகளுக்குள் அந்தப் பெற்றோர் பறிகொடுத்தார்கள்.

டாம் ராணுவத்தில் சேர விண்ணப்பித்தபோது, இருதயத்தில் கோளாறு என்று டாக்டர்கள் தள்ளிவிட்டார்கள். ஒரு பிள்ளையை இழந்திருந்த வீட்டில் அதை ஒரு நல்ல சாக்காக வைத்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். அவர் அந்த முடிவை எதிர்த்து அப்பீல் செய்து ஜெயித்தார். 1917 நவம்பரில் ராயல் இன்ஜினியர்ஸ் பிரிவில் செகண்ட் லெப்டினன்ட் ஆனார். 1918 மார்ச்சில் ஜெர்மானியர் பெரும் தாக்குதல் தொடங்க, பிரான்ஸுக்கு அனுப்பப்பட்டார். ஆங்கர் நதியின் மேல் பாலம் கட்டும் வேலை அவர் பிரிவுக்குக் கிடைத்தது. கட்டிய பாலத்தை எதிரி விமானம் குண்டு போட்டு உடைக்க, தூக்கமில்லாமல் மறுபடி கட்டினார்கள். யுத்தம் ஓய்ந்தபோது அவர் விஷ ஜுரத்தால் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

ஊர் திரும்பி 1920இல் கணிதத்தில் முதல் வகுப்பில் தேறினார். வின்செஸ்டர் கல்லூரியில் கணக்கு வாத்தியார் வேலை கிடைத்தது. கௌரவமான உத்தியோகம், நிலையான சம்பளம். ஆனால் அந்த ஊரில் நீதிமன்ற விசாரணைகளைப் பார்க்கப் போனவருக்கு அங்கேயே மனம் ஒட்டிக்கொண்டது. வேலையை விட்டு மாடலன் கல்லூரிக்கே திரும்பினார். 1922இல் சட்டத்திலும் முதல் வகுப்பு. 1923 ஜூன் மாதம் பாரிஸ்டராகப் பதிவு செய்துகொண்டார்.

இல்லற வாழ்க்கையிலும் சோதனைகள் உண்டு. ஊர்ப் பாதிரியாரின் பெண் மேரியை இளமையிலிருந்து விரும்பி, பல ஆண்டு காத்திருந்து 1932 டிசம்பரில் மணந்தார். அந்த அம்மையாருக்குக் காசநோயின் உபாதை இருந்தது. 1938இல் ஒரு மகன் பிறந்தான். 1941 நவம்பரில் மேரி காலமானார். அடுத்த உலக யுத்தத்தின் நடுவே, மூன்று வயதுப் பிள்ளையுடன் தனியாக நின்றார் டென்னிங். 1945இல் ஜோன் என்ற விதவையை மறுமணம் செய்துகொண்டார்.

1944இல் நீதிபதியானதும் வந்த பொறுப்புகளில் ஒன்றை நான் முக்கியமாகக் கருதுகிறேன். யுத்தத்தில் ஊனமுற்ற சிப்பாய்களும், இறந்தவர்களின் மனைவிமாரும் பென்ஷன் கேட்டுத் தொடுத்த அப்பீல்களை விசாரிக்கும் வேலை அது. இந்த நோய் சேவையால் வந்ததல்ல என்று சொல்லி மந்திரி இலாகா மனுக்களைத் தள்ளிக்கொண்டிருந்தது. அப்படியானால் அதை இலாகாதான் நிரூபிக்கவேண்டும், சந்தேகத்தின் பலன் சிப்பாய்க்கே சேரும் என்று டென்னிங் தீர்ப்பளித்தார். ராபர்ட்ஸன் என்ற அதிகாரியின் வழக்கும் அப்படித்தான். அவருடைய ஊனம் ராணுவ சேவையால் வந்தது என்று யுத்த இலாகா எழுத்து மூலம் ஒப்புக்கொண்டிருந்தது. அதை நம்பி அவர் வேறு வைத்திய சாட்சியம் திரட்டவில்லை. பிறகு பென்ஷன் இலாகா கையை விரித்தது. கொடுத்த வாக்கு சர்க்காரையும் கட்டும் என்றார் டென்னிங். இரண்டு சகோதரர்களை யுத்தத்துக்குக் கொடுத்தவர் அந்த மனுக்களை வெறும் காகிதமாகப் பார்த்திருக்க முடியாது.

1947இல் ஹை ட்ரீஸ் வழக்கு. யுத்த காலத்தில் லண்டன் குடியிருப்புகள் காலியாகிவிட, 2,500 பவுன் வருட வாடகையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளச் சொத்துக்காரர் சம்மதித்தார். பிரதிபலன் எதுவும் இல்லாத வாக்குறுதி என்பதால், பழைய சட்டப்படி அது செல்லாது. ஆனால் ஒருவர் நம்பி நடந்துகொண்ட வாக்கிலிருந்து பின்வாங்குவது நியாயமாகாது என்ற கொள்கையை டென்னிங் அந்த வழக்கில் நிலைநாட்டினார். 1978 டிசம்பரில் நம் சுப்ரீம் கோர்ட்டு, மோதிலால் பதம்பத் சர்க்கரை ஆலை வழக்கில் இந்தக் கொள்கையை எடுத்தாண்டு, உத்தரப் பிரதேச சர்க்காரை வரிவிலக்கு பற்றிய அதன் வாக்குறுதிக்குக் கட்டுப்படுத்தியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பகவதி. நம் ஊர் வக்கீல்களிடம் டென்னிங்கின் பெயர் வேரூன்றியதற்கு அதுவும் ஒரு காரணம்.

கணவன் கைவிட்ட மனைவிக்கு வீட்டில் இருக்க உரிமை உண்டு என்றார். பிரபுக்கள் சபை 1965இல் அதை மறுத்தது. பார்லிமெண்டே 1967இல் சட்டம் செய்து அந்த உரிமையைக் கொடுத்தது. 1951இல் தனியாளாக எழுதிய மாற்றுத் தீர்ப்பு ஒன்று 12 ஆண்டு கழித்துச் சட்டமாக ஏற்கப்பட்டது. மகனுடைய வியாபாரக் கடனுக்காக இருந்த ஒரே வீட்டையும் பாங்கிக்கு எழுதிக்கொடுத்த பண்டி என்ற முதிய குடியானவரின் வீட்டை 1974இல் காப்பாற்றிக் கொடுத்தார். 1957இல் பிரபுக்கள் சபை நீதிபதி என்ற உயர்ந்த ஸ்தானத்துக்குப் போனவர், 1962இல் தாமாகவே ஒரு படி இறங்கி அப்பீல் கோர்ட்டின் தலைமைக்கு வந்து, அங்கே 20 ஆண்டு இருந்தார்.

இத்துடன் நிறுத்தினால் கட்டுரை புகழ்ச்சியாகவே முடியும். பர்மிங்ஹாம் நகரில் 1974இல் குண்டு வைத்ததாக ஆயுள் தண்டனை பெற்ற ஆறு பேர், போலீஸார் தங்களை அடித்தார்கள் என்று நஷ்டஈடு வழக்குப் போட்டார்கள். 1980இல் டென்னிங் அதை விசாரணைக்கே விடவில்லை. அவர்கள் ஜெயித்தால் போலீஸார் பொய்ச்சாட்சி சொன்னவர்கள் என்றாகிவிடும், அந்த நிலை வரவே கூடாது என்பது அவர் காரணம். 1991இல் ஆறு பேரின் தண்டனையும் ரத்தாயிற்று. தலைப்பாகை அணிந்த சீக்கிய மாணவனைப் பள்ளியில் சேர்க்க மறுத்த வழக்கில், இனப் பாகுபாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பு சீக்கியருக்கு இல்லை என்று 1982இல் தீர்ப்பளித்தார். அடுத்த ஆண்டே பிரபுக்கள் சபை அதை மாற்றியது. அதே 1982இல், கறுப்பின ஜூரர்களைப் பற்றித் தம் புத்தகத்தில் தகாதபடி எழுதி, மன்னிப்புக் கேட்டு, ஓய்வு பெற்றார். தமக்குப் பழகிய இங்கிலாந்தின் எளியவர்களை அவர் கண் கண்டுகொண்டது. அந்த வட்டத்துக்கு வெளியே நின்றவர்களிடம் அந்தக் கண் தவறியது. இது அவருடைய குறை என்பதே என் அபிப்பிராயம்.

உயிரோடு மிஞ்சிய மற்ற இரு சகோதரர்களும் சாமானியர்கள் அல்ல. ரெஜினால்ட் லெப்டினன்ட் ஜெனரல் ஆனார். கடைக்குட்டி நார்மன் வைஸ் அட்மிரலாகி, கடற்படை உளவுத் துறைக்குத் தலைமை வகித்தார். ஆனாலும் ஐவரில் சிறந்த இருவர் போய்விட்டார்கள் என்றே டென்னிங் கடைசிவரை சொல்லிவந்தார். வயதான காலத்தில் விட்சர்ச்சுக்கே திரும்பி டெஸ்ட் நதிக்கரையில் வசித்தார். நூறு வயதைப் பூர்த்தி செய்து, 1999 மார்ச் 5 அன்று காலமானார்.

நம் வீடுகளில் இன்று சட்டம் படிக்கும் பிள்ளைகளும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஹை ட்ரீஸ் தீர்ப்பைக் கொடுக்கும்போது, பர்மிங்ஹாம் ஆறு பேர் வழக்கையும் சேர்த்துக் கொடுங்கள். இரண்டையும் எழுதியது ஒரே கைதான். யாருடைய கஷ்டம் நம் மனதில் உடனே படுகிறது, யாருடையது படாமல் போகிறது என்று அவர்கள் தொழிலுக்கு வருமுன்பே யோசித்துப் பார்க்கட்டும்.